ஒன்பதாம் இடத்தில் நின்ற பாட்டு

பிரிட்டனில் 12 அங்குல ஒற்றைப்பாடல் இசைத்தட்டுகளில் இதுவரை அதிகம் விற்றது எது என்று கேட்டால், பாப் இசையில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் யோசிக்காமல் ‘ப்ளூ மண்டே’ என்பார்கள். மான்செஸ்டர் குழுவான நியூ ஆர்டர் 1983 மார்ச் 7 அன்று அதை வெளியிட்டது. பிரிட்டனில் மட்டுமே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. சரி, அந்த ஆண்டின் தரவரிசைப் பட்டியல்களைப் புரட்டிப் பார்ப்போம். முதலிடத்தில் ஒரு வாரம்கூட இல்லை. முதல் ஐந்திலும் இல்லை. அது தொட்ட உச்சம் 9. அதுவும் வெளியாகி ஏழு மாதம் கழித்து, அக்டோபரில்.

ஒரு பாட்டு இவ்வளவு விற்றும் ஏன் மேலே ஏறவில்லை? பட்டியல் அன்று எதைக் கணக்கில் எடுத்தது என்பதில்தான் விடை இருக்கிறது. அன்றைய பிரிட்டிஷ் பட்டியல் பார்த்தது ஒரு வார விற்பனையை மட்டும். போன வாரக் கணக்கு போன வாரத்தோடு முடிந்தது. உதாரணத்துக்கு, மூன்றே வாரத்தில் மூன்று லட்சம் விற்கும் பாட்டு உச்சத்தைத் தொட்டுவிடும். அதே மூன்று லட்சத்தை முப்பது வாரமாகப் பத்தாயிரம் பத்தாயிரமாக விற்கும் பாட்டு நடுவில் எங்கோ நின்றுகொண்டிருக்கும். பெரிய கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம், சுவரொட்டி எல்லாவற்றையும் வெளியீட்டு வாரத்தில் கொண்டுவந்து குவிப்பார்கள். அதே 1983 மார்ச்சில் டுரான் டுரான் குழுவின் புதுப்பாட்டு நேராக முதலிடத்திலேயே நுழைந்தது இப்படித்தான். அந்த ஜனவரியில்தான் கணக்கெடுப்பு வேலை கேலப் நிறுவனத்தின் கைக்கு மாறியிருந்தது. கடைக்காரர்கள் கையால் குறித்து அனுப்பிய விற்பனைக் குறிப்பேடுகள் போய், கடைகளில் மின்னணுக் கருவிகள் வந்திருந்தன. கருவி புதிது, கணக்கின் தர்மம் பழையதுதான். வேகமாக ஓடுகிறவனுக்கே மாலை.

‘ப்ளூ மண்டே’ வேகமாக ஓடக்கூடிய பாட்டே அல்ல. ஏழரை நிமிட நீளம். குரல் வருவதற்கே இரண்டு நிமிடம் ஆகிறது. வழக்கமான 7 அங்குலத் தட்டில் அது வெளிவரவில்லை. அட்டையின் முகப்பில் பாட்டின் பெயரும் இல்லை, குழுவின் பெயரும் இல்லை. வியாபாரத்துக்கு ஆகாது என்று யாரெல்லாம் எதைச் சொல்வார்களோ அத்தனையும் அதில் இருந்தது.

நியூ ஆர்டர் துக்க வீட்டிலிருந்து கிளம்பிய குழு. அதன் முந்தைய பெயர் ஜாய் டிவிஷன். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, குழு முதன்முறையாக அமெரிக்கா கிளம்ப இருந்த தறுவாயில், தற்கொலை செய்துகொண்டார். வயது 23. நால்வரில் ஒருவர் போனாலும் அந்தப் பெயரில் தொடர்வதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். மிஞ்சிய மூவர் பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹுக், ஸ்டீபன் மோரிஸ். நான்காவதாக வந்தவர் மோரிஸின் காதலி ஜில்லியன் கில்பர்ட். பாட ஆள் இல்லாததால் கிதார் வாசித்த சம்னர் பாட வேண்டியதாயிற்று. 1981-இல் வந்த முதல் ஆல்பம் ‘மூவ்மென்ட்’ முழுக்க இறந்தவரின் நிழல்தான். சம்னர் பாடுவதுகூட கர்ட்டிஸ் குரலைத் தேடிப் போகிறவர் பாடுவதுபோல் இருக்கும்.

அந்த நிழலிலிருந்து அவர்களை வெளியே இழுத்ததில் நியூயார்க் நடனக் கிளப்புகளுக்குப் பங்கு உண்டு. கச்சேரிக்குப் போன இடத்தில், கச்சேரி முடிந்த பிறகு விடிய விடிய கேட்ட இசை அது. ஊர் திரும்பியவர்களின் கையில் கிதாரைவிட இயந்திரங்கள் அதிகம் புழங்கத் தொடங்கின.

இந்தப் பாட்டு பிறந்ததற்குக் குழுவினர் சொல்லும் காரணம் கொஞ்சம் குறும்பானது. நியூ ஆர்டர்காரர்கள் அப்போது கச்சேரி முடிந்ததும் மேடைக்குத் திரும்பி வந்து இன்னொரு பாட்டு வாசிக்கிற பழக்கம் இல்லாதவர்கள். ரசிகர்கள் கத்துவார்கள், சில ஊர்களில் கலாட்டாவே செய்வார்கள். சரி, ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திரங்களே வாசிக்கும்படி ஒரு பாட்டு செய்துவைப்போம், நாம் பாட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தார்களாம். நம்பலாமா? பாதி நம்பலாம். அந்த ஏழரை நிமிடத்தில் மனிதக் கை பட்ட இடங்கள் குறைவு என்பதும், பட்ட இடங்களே பாட்டைத் தூக்கி நிறுத்துகின்றன என்பதும் கேட்கும்போதே தெரியும்.

1982-இன் கடைசியில், லண்டனில் பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் கட்டிய பிரிட்டானியா ரோ ஒலிப்பதிவுக் கூடத்தில் பாட்டு பதிவானது. தாளத்துக்கு ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷின். கீழ்ஸ்தாயிக்கு மூக் சோர்ஸ் சிந்தசைசர். அந்த சிந்தசைசரை இயக்க ஒரு சீக்வென்சர். ஸ்வரங்களை வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டு சொன்னபடி திருப்பி வாசிக்கும் கருவி. அது கடையில் வாங்கிய சரக்கல்ல. ஒரு மின்னணுவியல் மாத இதழ் வெளியிட்ட வரைபடத்தின்படி விற்ற பாகங்களை வாங்கி, சம்னர் வீட்டில் உட்கார்ந்து பற்றவைத்துச் சேர்த்தது. இன்றைக்கு எந்தக் கருவியையும் எந்தக் கருவியோடும் பேசவைக்கிற மிடி என்ற பொது ஏற்பாடு உலகத்தின் முன்னால் காட்டப்பட்டது 1983 ஜனவரியில்தான். இவர்கள் அதற்குச் சில மாதங்கள் முந்திவிட்டார்கள். ஆகவே டிரம் மெஷினையும் சீக்வென்சரையும் ஒன்றாக ஓடவைப்பது தனிப் போராட்டம்.

ஸ்வரங்களை அந்தக் கருவிக்குள் ஏற்றும் வேலை ஜில்லியன் கில்பர்ட்டுக்கு. திரை கிடையாது; எதை ஏற்றினோம் என்று பார்க்க வழி கிடையாது. காகிதங்களை நீளமாக ஒட்டி, பின்னல் வேலைக்கு எழுதிவைக்கும் கணக்கைப் போல் ஒவ்வொரு கட்டமாகக் குறித்துக்கொண்டு, அதைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். நடுவில் எங்கோ ஒரு கட்டம் விட்டுப்போயிற்று. அதனால் சிந்தசைசர் மெட்டு தாளத்தோடு சரியாக வந்து உட்காராமல், மயிரிழை விலகி ஓடுகிறது. தலையை ஆட்டிக்கொண்டு கேட்டால் தெரியாது. விரலால் தட்டிக்கொண்டு கேளுங்கள், மெட்டு நம்மிடம் பிடிபடாமல் நழுவிக்கொண்டே போகும். திருத்தியிருக்கலாம். கேட்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டார்கள். மோரிஸ் பங்குக்கு இன்னொரு கதை: பாடுபட்டு அமைத்த தாள வரிசை முழுவதும் டிரம் மெஷினில் இருக்கும்போது அவருடைய கால் பட்டு மின்கம்பி பிடுங்கிக்கொண்டது. எல்லாம் அழிந்துபோய், நினைவிலிருந்து திரும்பச் செய்தார்களாம். முதல் வடிவம்தான் இன்னும் நன்றாக இருந்தது என்ற புலம்பலும் உண்டு. கேட்காத பாட்டு எப்போதும் இனிமைதானே.

அந்தத் தாளத்தின் தொடக்கத்தை உலகத்தில் பாதிப்பேர் அடையாளம் சொல்வார்கள். நிதானமாக விழும் சில அடிகள், சட்டென்று ஒரு அடியை நாலாக வெட்டிப் படபடவென்று ஒரு ஓட்டம், மறுபடி நிதானம். அந்த அடி டோனா சம்மர் 1979-இல் பாடிய ‘அவர் லவ்’ பாட்டிலிருந்து வந்தது என்பதைக் குழுவினர் மறைத்ததில்லை. கீழ்ஸ்தாயி ஓட்டத்துக்கு அமெரிக்கக் கறுப்பின டிஸ்கோ பாடகர் சில்வெஸ்டர், பாட்டின் கட்டமைப்புக்கு இத்தாலியின் கிளைன் அண்ட் எம்பிஓ. நடுவில் எழும் கூட்டுக்குரல் போன்ற ஒலி ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1975-இல் வெளியிட்ட ஆல்பத்திலிருந்து எமுலேட்டர் என்ற கருவியில் பிடித்தது. அந்தக் கருவி அப்போது புதுசு. அதை இயக்கக் கற்றுக்கொண்டதே கீழ்க்காற்றுச் சத்தங்களைப் பதிவுசெய்து சிரித்துத்தான் என்று குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். பீட்டர் ஹுக்கின் பாஸ் கிதாருக்கு வழிகாட்டி என்னியோ மோரிகோனே, இத்தாலியக் கௌபாய்ப் படங்களுக்கு இசையமைத்தவர். இவ்வளவு இயந்திரங்களுக்கு நடுவே மனிதக் கை தெரிகிற இடம் அந்த பாஸ்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1979 ஜூலையில் சிகாகோவின் பேஸ்பால் மைதானம் ஒன்றில் டிஸ்கோ தட்டுகளை மலையாகக் குவித்து வெடிவைத்துக் கொண்டாடினார்கள். வெள்ளைக்கார ராக் ரசிகர்களுக்குக் கறுப்பர்களும் ஒருபாலினத்தவரும் வளர்த்த அந்த இசை அவ்வளவு ஆகாது. நாலே வருடத்தில் அதே டிஸ்கோவின் எலும்பையும் நரம்பையும் எடுத்து, சோகம் ததும்பும் ராக் குழு என்று பெயரெடுத்த மான்செஸ்டர்க்காரர்கள் கோர்த்தபோது, அது புதுமை என்று பாராட்டப்பட்டது. புதுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்தப் பாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் டோனா சம்மரையும் சில்வெஸ்டரையும் ஒரு வரியில் தாண்டிவிட்டு மான்செஸ்டர் மழையைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதுவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். கடன் வாங்கியவர்கள் கணக்கை ஒளிக்கவில்லை. எழுதியவர்கள்தான் ஒளித்தார்கள்.

12 அங்குலத் தட்டும் அதே நடனக் கிளப்புகளின் பிள்ளை. எழுபதுகளின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்ட்டன் போன்றவர்கள் நீண்ட நடனப் பாட்டுகளைப் பெரிய தட்டில் வெட்டிப் பார்த்தார்கள். இடம் அதிகம், ஆகவே பள்ளங்களை அகலமாக வெட்டலாம். ஒலி உரக்க வரும், கீழ்ஸ்தாயி அதிரும். கிளப்பில் தட்டு மாற்றுகிறவருக்கு அது வரப்பிரசாதம். கடையில் வாங்குகிறவருக்கோ விலை கூடுதல். பிரிட்டனில் மற்ற குழுக்கள் 7 அங்குலம், 12 அங்குலம் என்று இரண்டையும் வெளியிட்டு, இரண்டின் விற்பனையும் சேர்ந்து பட்டியலில் ஏறும்படி பார்த்துக்கொண்டன. நியூ ஆர்டர் விலை கூடிய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு போட்டியில் இறங்கியது. 9-ஆம் இடத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி அந்த அட்டை. வடிவமைத்தவர் பீட்டர் சாவில். குழுவின் ஒத்திகைக் கூடத்துக்குப் போனவர் கண்ணில் ஒரு சதுரமான கறுப்புப் பொருள் பட்டது. எமுலேட்டருக்கான ஃபிளாப்பி டிஸ்க். அதற்கு முன் அவர் பார்த்ததில்லை. கேட்டு வாங்கிக்கொண்டு, பாட்டின் ஒலிநாடாவைக் காரில் போட்டுக் கேட்டபடியே லண்டன் திரும்பினார். வந்து சேர்ந்த அட்டை அசல் ஃபிளாப்பியைப் பெரிதாக்கியதுதான். கறுப்பு அட்டையில் நடுவே வட்டமாகவும் ஓரங்களிலும் வெட்டிய துளைகள். துளை வழியே உள்ளுறையின் வெள்ளி நிறம் தெரியும். வலது விளிம்பில் மேலிருந்து கீழாக வண்ணக் கட்டங்கள் மட்டும். அந்தக் கட்டங்கள்தான் எழுத்து: தயாரிப்பு எண், பாட்டின் பெயர், குழுவின் பெயர் எல்லாம் அவற்றில் ஒளிந்திருக்கின்றன. படிக்க உதவும் வண்ணச் சக்கரம் எங்கே? இரண்டு மாதம் கழித்து மே மாதம் வந்த ‘பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்’ ஆல்பத்தின் பின்னட்டையில். பிரிட்டனில் வந்த அந்த ஆல்பத்தில் ‘ப்ளூ மண்டே’ பாட்டே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பாட்டை ஆல்பத்தில் வைத்து ஆல்பத்தை விற்பது பாப் வியாபாரத்தின் அரிச்சுவடி. இவர்கள் அந்த அரிச்சுவடியைத் திறக்கவே இல்லை.

தயாரித்தது ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ், தொலைக்காட்சித் தொகுப்பாளர் டோனி வில்சனும் நண்பர்களும் மான்செஸ்டரில் நடத்திய சிறு நிறுவனம். துளை வெட்டிய அட்டைக்கு ஆன செலவால் ஒவ்வொரு பிரதியிலும் ஃபாக்டரிக்கு நஷ்டம் என்பது பாப் வரலாற்றின் பிரபலமான கதை. ஆனால் எவ்வளவு நஷ்டம் என்பதில் ஒருவர் சொன்ன தொகையை இன்னொருவர் சொல்வதில்லை: ஒருவர் ஐந்து பென்ஸ் என்பார், இன்னொருவர் பத்து என்பார். அதோடு, விற்பனை பெருகிய பிறகு துளைகள் இல்லாத சாதாரண அட்டையில் பிரதிகள் வந்தன. பத்து லட்சத்திலும் நஷ்டம் என்பது கணக்குக்கு ஒத்துவராது. முதல் பிரதிகளில் கையைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள், மிச்சத்தை வில்சனின் வாய் ஜாலம் வளர்த்திருக்கும் என்பது என் ஊகம். விற்காது என்று நினைத்துப் போட்ட அட்டை அது. விற்றபோது கதை ஆயிற்று.

விற்ற விதத்தைப் பார்ப்போம். மார்ச்சில் பட்டியலில் நுழைந்தது. பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தது. அங்கே எல்லோரும் பதிவு ஓடவிட்டு வாயசைப்பார்கள். நியூ ஆர்டர் நேரடியாகத்தான் வாசிப்போம் என்று அடம்பிடித்தது. இயந்திரங்கள் சண்டித்தனம் செய்ய, சம்னர் தடுமாற, கேட்கச் சகிக்கவில்லை. அந்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டுப் பட்டியலில் இறங்கிய அபூர்வக் குழு நாங்கள்தான் என்று பின்னாளில் அவர்களே கேலி பேசிக்கொண்டார்கள். முதல் சுற்றில் உச்சம் 12. கோடையில் பட்டியலைவிட்டே வெளியே போயிற்று. மற்றப் பாட்டுகள் அத்தோடு கதை முடிந்து பழைய தட்டுக் கடைக்குப் போய்ச் சேரும்.

இது ஆகஸ்டில் திரும்ப வந்தது. கோடை விடுமுறைக்கு ஸ்பெயின் பக்கம் போன பிரிட்டிஷ்காரர்கள் கடற்கரை டிஸ்கோக்களில் இதைக் கேட்டுவிட்டு, ஊர் வந்ததும் கடையில் தேடினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அட்டையில் பெயர் இல்லாத தட்டை என்ன சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. எப்படியோ, வானொலியும் தொலைக்காட்சியும் செய்யாததைக் கிளப்புகள் செய்தன. கிளப்பில் ஒரு பாட்டு ஒரு வாரத்தில் பழசாவதில்லை; ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், தட்டு அதேதான். அக்டோபரில், கல்ச்சர் கிளப் குழுவின் ‘கர்மா கமீலியன்’ முதலிடத்தில் வாரக்கணக்காக உட்கார்ந்திருந்தபோது, ‘ப்ளூ மண்டே’ 9-ஐத் தொட்டது. அடுத்த ஜனவரியில்கூட மறுபடி கீழ்வரிசையில் தலைகாட்டியது. எல்லாச் சுற்றும் சேர்த்து முப்பது வாரங்களுக்கு மேல். சிறு நிறுவனங்களுக்கென்று தனியாக இருந்த இண்டி பட்டியலில் முதலிடம் பிடித்ததைச் சொல்லவே வேண்டாம்.

இத்தனைக்கும் குழுவினரின் சுவரில் தங்கத் தட்டு தொங்கவில்லை. விற்பனைக்கான வெள்ளி, தங்கப் பட்டங்களை வழங்குவது பிரிட்டிஷ் இசைத்தட்டு உற்பத்தியாளர் சங்கம். ஃபாக்டரி அதில் உறுப்பினர் அல்ல. ஆகவே பட்டியலில் ஒன்பதாம் இடம், சங்கத்தின் பதிவேட்டில் அந்த இடமும் இல்லை.

பணம் எங்கே போயிற்று? ஹசியெண்டாவுக்கு. பழைய படகு விற்பனைக் கூடம் ஒன்றை எடுத்து 1982 மே 21 அன்று ஃபாக்டரியும் நியூ ஆர்டரும் சேர்ந்து திறந்த நடனக் கிளப் அது. நியூயார்க்கில் பார்த்ததை மான்செஸ்டரில் கட்டிவிட வேண்டும் என்று குழுவின் மேலாளர் ராப் கிரெட்டனுக்கு ஆசை. பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. முதல் சில வருடங்கள் பல இரவுகளில் ஈயாடிக்கொண்டிருந்தது. ‘ப்ளூ மண்டே’ சம்பாதித்ததை அந்தக் கட்டடம் தின்றது. இதைப் பற்றி ஹுக் பிறகு ஒரு புத்தகமே எழுதினார். ஒரு கிளப்பை எப்படி நடத்தக் கூடாது என்பதுதான் தலைப்பின் சாரம்.

உயர்ந்த இடம் பிறகு வந்தது, வேறு கைவண்ணத்தில். 1988-இல் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸின் மேற்பார்வையில் ஜான் பொட்டோக்கர் பாட்டைத் திரும்பக் கலந்தார். இந்தத் தடவை 7 அங்குலத் தட்டும் உண்டு, நீளமும் அடக்கம். பிரிட்டனில் 3-ஆம் இடம்; அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடம். பட்டியல் கேட்ட வடிவத்தில் கொடுத்தால் பட்டியல் என்ன தரும் என்பதற்கு இது சாட்சி. இன்றைக்குக் கிளப்பிலும் வானொலியிலும் எந்த வடிவம் ஒலிக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் 1983-இன் ஏழரை நிமிடம்தான். 1988-இன் பதிப்பில் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. அந்த மயிரிழை விலகல் தந்த பதற்றம் இல்லை. 1995-இல் இன்னொரு கலவை வந்து 17 வரை போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

பிரிட்டனின் ஒற்றைப்பாடல் பட்டியலில் குழுவுக்கு முதலிடம் கிடைத்தது ஒரே ஒரு முறை, 1990-இல், இங்கிலாந்தின் உலகக் கோப்பைக் கால்பந்து அணிக்காகச் செய்த ‘வேர்ல்ட் இன் மோஷன்’ பாட்டுக்கு. இரண்டு வருடம் கழித்து, 1992 நவம்பரில் ஃபாக்டரி திவாலானது. லண்டன் ரெக்கார்ட்ஸ் அதை வாங்க வந்திருந்தது. வாங்க வந்ததே நியூ ஆர்டர், ஜாய் டிவிஷன் பாட்டுகளுக்காகத்தான். காகிதங்களைப் புரட்டியபோது, பாட்டுகள் இசைஞர்களுக்கே சொந்தம், கம்பெனிக்கு எதுவும் சொந்தமில்லை என்று எழுபதுகளின் இறுதியில் எழுதிவைத்த ஒரு தாள் வெளிவந்தது. அதில் வில்சன் தன் ரத்தத்தால் கையெழுத்திட்டதாகச் சொல்வார்கள். பத்து லட்சம் பிரதி விற்ற பாட்டை விற்கும் உரிமை ஃபாக்டரியிடம் இல்லை. பேரம் முறிந்தது. லண்டன் ரெக்கார்ட்ஸ் நேரே குழுவிடம் போய் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது.